பன்னிரண்டாவது கண்ணாடி

அத்தியாயம் 3

மேசை மேல் பதினோரு கண்ணாடித் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். முதல் துண்டில் மட்டும் பாசி படர்ந்தது போல ஒரு பச்சைப் படலம். மற்றப் பத்தும் பளிச்சென்று இருந்தன.

“இந்தப் பத்தும்தான் மேடம் என்னைப் பொய்க்காரி ஆக்கிடுச்சு” என்றாள் ஸாலிஹா.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது லூர்துமேரியின் துப்பறியும் அலுவலகம். கீழே கண்டக்டர்கள் செஞ்சி, வந்தவாசி என்று கூவிக்கொண்டிருந்தார்கள். லூர்துமேரிக்கு நாற்பத்தேழு வயது. கணவர் பிரான்சிஸ் இறந்து மூன்று வருடமாகிறது. ஒரு ஆளுக்கு வைக்கும் சோறு அவள் வீட்டில் தினமும் அடி பிடித்துவிடும். அரை டம்ளர் அரிசிக்குத் தோதான பாத்திரம் அந்த வீட்டில் இல்லை. புதிதாக ஒன்று வாங்கலாம்தான். வாங்கினால் அவர் இல்லை என்பது முடிவாகிவிடுமே என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

அதனாலோ என்னவோ, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்ததுமே அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது. இவளும் தனியாகச் சாப்பிடுகிறவள்.

“முதல்ல இருந்து சொல்லும்மா. எனக்குப் புரியற மாதிரி.”

“எனக்கும் புரியற மாதிரி, லாத்தா” என்றான் பாரூக், சுவரில் சாய்ந்தபடி. அவன் லூர்துமேரியின் உதவியாளன். ஷார்ஜாவில் நான்கு வருடம் வண்டி ஓட்டிவிட்டுக் கோட்டக்குப்பத்துக்குத் திரும்பி வந்தவன். ஸாலிஹாவும் அதே ஊர் என்று தெரிந்த நிமிடமே அவளை லாத்தா என்று அக்காள் ஆக்கிக்கொண்டுவிட்டான்.

ஸாலிஹாவுக்கு முப்பத்தொரு வயது. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி.

“திருவக்கரைக்கு அந்தாண்ட ஒரு பழைய கல்குவாரி இருக்கு மேடம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி வெடி வெச்சப்ப பாறை பிளந்து வெந்நீர் ஊத்து கிளம்பிடுச்சு. குவாரியை அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. ஊத்து வாயில எண்பத்தாறு டிகிரி. அந்தச் சூட்டுலயும் கண்ணுக்குத் தெரியாத உயிருங்க வாழுது.”

“எண்பத்தாறு டிகிரியிலயா? அப்ப அதுங்க எங்க ஷார்ஜா ரூம்ல இருந்து வந்ததுங்கதான்.”

“பாரூக்கு!” என்று அதட்டினாள் லூர்துமேரி. ஆனால் ஸாலிஹாவின் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

“பன்னிரண்டு கண்ணாடியை நூல்ல கட்டி ஊத்துத் தண்ணியில தொங்கவிட்டேன். செவ்வாய்க்கிழமைக்கு ஒண்ணு எடுப்பேன். முதல் கண்ணாடியில ஒரு வாரத்து வளர்ச்சி இருக்கும், ரெண்டாவதுல ரெண்டு வாரத்து வளர்ச்சி. இப்படியே பன்னிரண்டாவதுல கிட்டத்தட்ட மூணு மாசக் குடித்தனம் இருக்கணும். எந்த உயிர் முதல்ல குடி வருது, அதுக்கு மேல எது வருதுன்னு படிக்கலாம். முதல் கண்ணாடியில நல்லா வந்துச்சு. படம் எடுத்துப் பேராசிரியர் சக்கரபாணி சாருக்கு அனுப்பினேன். பாராட்டினார். அடுத்த வாரத்துல இருந்து ஒண்ணுமே இல்லை. பத்து வாரமா ஒண்ணுமே இல்லை.”

“அவர் என்ன சொல்றார்?”

“அந்த ஊத்துல உயிரே கிடையாதாம். முதல் கண்ணாடியில இருக்கற பச்சையை நானே வேற குட்டையில இருந்து எடுத்துப் பூசிட்டேனாம். அப்படியே எழுதியும் வெச்சுட்டார்.” பச்சை படிந்த கண்ணாடியை அவள் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மூணு பேர் குழு வருது. பன்னிரண்டாவது கண்ணாடியை அவங்க கண்ணு முன்னால எடுக்கணும். அதுவும் காலியா இருந்தா என் ஆராய்ச்சி போச்சு மேடம். அது போனாக்கூடப் பரவாயில்லை. பொய்யா சாம்பிள் பண்ணினவள்னு பேரு வந்துட்டா, அப்புறம் இந்தத் துறையில எங்கேயும் நிக்க முடியாது.”

“அங்கே உன்னைத் தவிர வேற யார் போவாங்க?”

“யாரும் இல்லை. கேமரா வெச்சுப் பார்த்தேன். ஆவியில லென்ஸ் வேர்த்துப் போச்சு.” கொஞ்சம் தயங்கினாள். “இனியவன்னு ஒருத்தர், என்கூட ஆராய்ச்சி பண்றவர். என் இடம் காலியானா அது அவருக்குத்தான் கிடைக்கும்.”

“கேஸ் முடிஞ்சிடுச்சிக்கா” என்றான் பாரூக். “இனியவனைத் தூக்கி ரெண்டு நிமிஷம் அந்தத் தண்ணியில உட்கார வெச்சா, பொறந்த நாள்ல இருந்து எல்லாத்தையும் சொல்லிடுவான்.”

லூர்துமேரி மேசைப் பக்கம் குனிந்தாள். ஒரு கண்ணாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

“ஏம்மா, அந்தத் தண்ணி நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?”

“கடுமையான சுண்ணாம்புத் தண்ணி மேடம். பாறை மேல தெளிச்சா வெள்ளையா பூத்துடும்.”

“என் வீட்டு போர் தண்ணியில டம்ளரை ரெண்டு நாள் வெச்சா வெள்ளையா பூத்துடுது. இந்தக் கண்ணாடி பத்து வாரம் தண்ணியில கிடந்திருக்கு. சரி, உயிர் வளரலைன்னே வெச்சுக்குவோம். உப்பு எங்கேம்மா போச்சு?”

ஸாலிஹா ஒரு கண்ணாடியை எடுத்து விரலால் தடவினாள். கண்ணாடிகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் மைக்ராஸ்கோப்புல உயிரை மட்டுமே தேடிக்கிட்டு இருந்தேன்” என்றாள் கடைசியில், மெதுவாக. “சார் பார்த்தது வெறும் படங்களைத்தான். கண்ணாடியைக் கண்ணால யாருமே பார்க்கலை.”

“யாரோ கழுவியிருக்காங்க. உயிரையும் சேர்த்து, உப்பையும் சேர்த்து” என்றாள் லூர்துமேரி. “பாரூக்கு, வண்டியை எடு. ஜல்தி!”

*

ஐப்பசித் தூறல் வண்டிக் கண்ணாடியில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது. பின் சீட்டில் ஸாலிஹா காதில் இயர்போனை மாட்டியபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“என்ன பாட்டும்மா கேக்கறே?” என்று திரும்பிக் கேட்டாள் லூர்துமேரி.

ஸாலிஹா ஒரு பக்கத்தைக் கழற்றினாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள். “பாட்டு எதுவும் ஓடலை மேடம். சும்மா மாட்டிக்குவேன். ரூம்லயும் மாட்டிக்குவேன், குவாரியிலயும் மாட்டிக்குவேன். காதுல இது இருந்தா, நம்மகிட்ட யாரும் பேசலைங்கறது தெரியாது.”

ராத்திரியெல்லாம் பார்க்காமலேயே ஓடவிடும் தன் வீட்டு டி.வி. லூர்துமேரியின் நினைவுக்கு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டேரிப்பட்டுக் கூட்டு ரோட்டில் பாரூக் வண்டியை ஓரங்கட்டினான். “பசிக்குதுக்கா. வெறும் வயித்துல துப்பு தெரியாது.”

பேருந்துகள் நிற்கும் இடத்தில் ஒரு அம்மாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை அவித்துக் கூடையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. வெயிலில் கறுத்த, ஒடிசலான உடம்பு.

“எவ்ளோம்மா படி?”

“ஒன் மூஞ்சப் பாத்தா படி துன்ற ஆளாட்டம் தெரியலியே. இருவது ரூபாய்க்கி வாங்கிக்க.”

“பாத்தீங்களாக்கா? எடை போட்டுட்டாங்க” என்று பாரூக் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான்.

அந்த அம்மாள் குனிந்து வண்டிக்குள் பார்த்தாள். பின் சீட்டில் இருந்த ஸாலிஹாவைக் கண்டதும் அவள் முகம் மாறியது. முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். என்ன நினைத்தாளோ, இரண்டு கை நிறைய மல்லாட்டையை அள்ளிப் பின் ஜன்னல் வழியாக ஸாலிஹாவின் மடியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த பேருந்தை நோக்கி ஓடினாள்.

“எனக்கு இருபது ரூபாய்க்கு எண்ணிப் போட்டுட்டு லாத்தாவுக்கு இனாமா!” என்றான் பாரூக். வண்டி நகர்ந்ததும் ஒன்றை உடைத்து வாயில் போட்டான். “அக்கா, இதுல ஒரு மாதிரி அழுகின முட்டை வாசனை வருது. கையைப் பாருங்க, தோலெல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு அடிச்ச மல்லாட்டையை இப்பத்தான் பாக்கறேன்.”

லூர்துமேரியின் யோசனை இனியவனைச் சுற்றிக்கொண்டிருந்தது. பாரூக்கின் பேச்சை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

*

குவாரிக்குப் போகும் பாதை பாதியிலேயே நின்றுவிட்டது. மீதி தூரம் நடந்தார்கள். லாரிச் சக்கரம் பதிந்த பள்ளங்களில் புல் முளைத்திருந்தது. துருப்பிடித்த ஒரு எடை மேடை. கூரை பெயர்ந்த ஒரு கொட்டகை. அதற்கப்பால் தரை சட்டென்று அறுபதடி இறங்கியது. நாலு பக்கமும் வெட்டி எடுத்த கருங்கல் சுவர். அடியில் ஒரு குட்டை புகைந்துகொண்டிருந்தது.

சத்தமே இல்லை. ஆவி சீறும் சத்தம் மட்டும் யாரோ விடாமல் பெருமூச்சு விடுவது போலக் கேட்டது.

“பதினோரு வாரமா இங்கே தனியாவா வந்தே?” என்றாள் லூர்துமேரி.

“இறங்க அரை மணி நேரம், வேலை ரெண்டு மணி நேரம். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். ரூமுக்குப் போய் மட்டும் என்ன பண்ணப் போறேன்?”

தெற்குக் கரையில் ஒரு இரும்புக் கம்பியில் கடைசி நூல் தொங்கியது. ஸாலிஹா கையுறை மாட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டிவிடும் நினைப்பில் பன்னிரண்டாவது கண்ணாடியைத் தூக்கினாள்.

அது கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு போலப் பளபளத்தது.

ஸாலிஹா அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. நாளைக் காலை பத்து மணி அவள் முகத்தில் தெரிந்தது.

லூர்துமேரி கண்ணாடியை வாங்கவில்லை. நூலை வாங்கினாள். கண்ணாடிக்கு மேல் இருந்த முடிச்சைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் கிளறி எடுத்து முகர்ந்தாள்.

“பாரூக்கு, இது என்ன சொல்லு.”

அவனும் முகர்ந்து பார்த்தான். “புளி நார். எங்கம்மா குழம்பு வாசனை.”

“அப்ப இனியவன் இல்லை.”

“ஏன், அவரு ரசம் சாப்பிட மாட்டாரா?”

“லேப்ல ஆசிட் பாட்டிலைப் பக்கத்துல வெச்சிருக்கறவன் சுண்ணாம்பை எடுக்கப் புளியைத் தேடுவானா? ஒரு சொட்டு விட்டா முடிஞ்சுது. இது வீட்டுல விளக்குத் தேய்ச்ச கை. கெடுக்கணும்னு நினைச்சவன் கண்ணாடியை உடைப்பான், இல்லை தூக்கிட்டுப் போயிடுவான். இந்த ஆளு கழுவி, துடைச்சு, திரும்ப அதே இடத்துல கட்டிட்டுப் போயிருக்கு.”

சொல்லிக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள். தண்ணீர் தெறிக்கும் பாறைகள் எல்லாம் வெள்ளை பூத்திருந்தன. காற்றில் அழுகின முட்டை வாசனை. பாறையில் கையை ஊன்றியிருந்த பாரூக்கின் விரல்களைப் பார்த்தாள். அந்த வெள்ளை, அந்த வாசனை...

“மல்லாட்டை மிச்சம் இருக்காடா?”

“இந்த நேரத்துல என்னக்கா உங்களுக்கும் பசி...” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். தன் விரலைப் பார்த்தான். பாறையைப் பார்த்தான். “அய்யோ! அது இங்கேதான் வெந்திருக்கு!”

“எண்பத்தாறு டிகிரி. அடுப்பும் வேணாம், விறகும் வேணாம்” என்றாள் லூர்துமேரி. “ஏம்மா, அந்த வடக்குக் கரைப் பக்கம் போயிருக்கியா?”

“இல்லை மேடம். பாறை இளகிக் கிடக்கு, அங்கே கால் வைக்கக் கூடாதுன்னு சார் உத்தரவு. இங்கிருந்து பார்த்தா ஆவியில எதுவும் தெரியாது.”

“இங்கிருந்து அங்கே தெரியாது. பாறை மேல நின்னா, அங்கிருந்து இங்கே தெரியும்.”

*

மதியம் ஒரு மணிக்குக் கூடையோடு அந்த அம்மாள் வந்தாள். வடக்குக் கரையின் இளகின பாறைகளில் ஆடு மாதிரித் தாவித் தாவி இறங்கினாள். கடைசிப் பாறைக்குப் பின்னால் மூன்று பேர் நிற்பதைக் கண்டதும் கூடை கை நழுவியது. பச்சை மல்லாட்டை நாலா பக்கமும் சிதறி ஓடியது.

“நான் திருடல தாயி” என்றாள் முதல் வார்த்தையாக. “சுடு தண்ணி சும்மாத்தான போவுது. மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. அந்தக் கொட்டாய்லதான் படுத்துகினு இருக்கறேன். தெரிஞ்சா தொரத்திடுவாரு.”

“உங்க பேர் என்னக்கா?”

“பாஞ்சாலி. இதே குவாரியில கல்லு ஒடச்சவதான். தண்ணி வந்ததும் எல்லாரும் செங்கல்பட்டு பக்கம் பூட்டாங்க. எனக்குன்னு யாரு இருக்கறா, எங்க போறது? இங்கியே தங்கிட்டேன்.”

லூர்துமேரி பன்னிரண்டாவது கண்ணாடியை நீட்டினாள். “இதைத் தேய்ச்சது நீங்கதானே?”

பாஞ்சாலி ஸாலிஹாவைப் பார்த்தாள். பயம் போய், அந்த முகத்தில் ஒரு கவலை வந்து உட்கார்ந்தது.

“இன்னும் அழுக்கு இருக்குதா பாப்பா?”

“யார் சொல்லிச் செஞ்சீங்க?” என்றான் பாரூக். “எவ்ளோ குடுத்தாங்க?”

“யாரு சொல்லணும்? மொத வாரம் இது அந்தக் கண்ணாடியத் தூக்கி வெளிச்சத்துல காட்டிப் பாத்துச்சி. பச்சையா, வழவழன்னு அழுக்கு ஏறிப் போயிருந்துச்சி. பாத்துட்டு இப்புடிக் குந்திகினு தேம்பித் தேம்பி அழுவுது. எனக்கு மனசு ஆவல. யாரு பெத்த புள்ளையோ, தன்னந்தனியா வந்து, கண்ணாடி பாழாப் போச்சேன்னு அழுவுதேன்னு நெனச்சேன். நம்மால ஆனது இதுதானன்னு திங்கக்கெழமை ஆனா எல்லாக் கண்ணாடியும் புளி போட்டுத் தேச்சி, தொடச்சி மாட்டிடுவேன்.”

“அடுத்த வாரம்?”

“அடுத்த வாரமும் அழுவுதும்மா! நான் சரியாத் தேக்கலன்னுட்டு இன்னும் அழுத்தித் தேச்சேன். அப்பியும் அழுவுது. தேய்க்கத் தேய்க்க அழுவுது. இந்தச் செவ்வாக்கெழமை ரொம்பவே அழுதுச்சி. அதான் நேத்து மறுபடியும் ஒருவாட்டி...”

பாரூக் குனிந்து மல்லாட்டையைப் பொறுக்க ஆரம்பித்தான்.

“அது சந்தோஷத்துல அழுதது” என்றாள் ஸாலிஹா. குரல் ஆவிச் சத்தத்தில் பாதி கரைந்தது. “அந்தப் பச்சைக்காகத்தான் ரெண்டு வருஷமா அலைஞ்சேன். அது வந்திடுச்சுன்னு அழுதேன்.”

பாஞ்சாலிக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏன் ஒரு வார்த்தை கேட்கலைக்கா?” என்றாள் லூர்துமேரி.

“எப்புடிக் கேக்கறது? காதுல அத மாட்டிகினு இருக்குமே. பாட்டு கேட்டுகினு இருக்கற புள்ளைய நடுவுல கூப்புட்டா நல்லாவா இருக்கும்?”

ஸாலிஹா தன் கழுத்தில் தொங்கிய இயர்போனைத் தொட்டுப் பார்த்தாள். இருவருக்கும் நடுவே இருபதடித் தண்ணீர். பதினோரு வாரம். ஓடாத ஒரு பாட்டு.

குற்றவாளி கிடைத்துவிட்டாள். ஆனால் நாளைக் காலையில் குழுவிடம் என்ன காட்டுவது? கண்ணாடி தேய்த்த புளியையா? ஒரு அம்மாள் இரக்கப்பட்டுக் கழுவிவிட்டாள் என்று சொன்னால் சக்கரபாணி சிரிப்பார். அதுவும் இவர்களே ஜோடித்த கதை என்பார்.

லூர்துமேரி கீழே சிதறிய மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அக்கா, இதை எப்படித் தண்ணியில இறக்குவீங்க?”

“வலைப் பையில கொட்டி, கயித்துல கட்டி உடுவேன். வெந்ததும் பைய அவுத்து எடுத்துக்குவேன்.”

“கயிறு?”

“அது தண்ணியிலயே கெடக்கும். அந்தா, பாறையில கட்டியிருக்குதே, அதான். முனையில கல்லு கட்டி ஊத்து வாயாண்ட போட்டு வெச்சிருக்கறேன்.”

“எப்ப போட்டது?”

“ஆவணி பௌர்ணமிக்கு அம்மன் கோயிலுக்குப் போனப்ப வாங்கியாந்த கயிறு. மறுநாளே போட்டுட்டேன்.”

“நான் கண்ணாடி கட்டின அதே வாரம்!” என்றாள் ஸாலிஹா.

லூர்துமேரி பாஞ்சாலியின் பக்கம் திரும்பினாள். “கண்ணாடியைத் தேய்ச்சீங்க. கயித்தைத் தேய்ச்சீங்களா?”

பாஞ்சாலி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “கயித்த எவளாச்சும் புளி போட்டுத் தேப்பாளா?”

பாரூக்கும் ஸாலிஹாவும் சேர்ந்து இழுத்தார்கள். கனமாக, மெதுவாக வந்தது. வாங்கும்போது வெள்ளையாக இருந்த நைலான் கயிறு. கரையை ஒட்டி, தண்ணீர் ஆறிய இடத்தில் கிடந்த பகுதி முழுக்கக் கரும்பச்சை. அடுத்து வந்த நான்கு முழம் ஆரஞ்சு. கடைசியாக ஊற்று வாயில் கிடந்த நுனி வந்தது. அங்கே பச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. வெளிறிய இளஞ்சிவப்பில், குழந்தையின் தலைமுடி மாதிரி மெல்லிய இழைகள் தண்ணீர் சொட்ட ஆடின. உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு, ஏடு ஏடாக.

“சூட்டுக்கு ஏத்த மாதிரி ஒவ்வொண்ணும் தன் இடத்துல குடி வந்திருக்கு” என்றாள் ஸாலிஹா. “வாயில இருந்து கரை வரைக்கும் ஒரே கயித்துல. நான் ஒரே இடத்துல கண்ணாடி கட்டினேன். இந்த இளஞ்சிவப்பை நான் பார்த்ததே இல்லை மேடம், பார்த்ததே...”

அப்படியே குந்தி, கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

பாஞ்சாலி பதறிப்போனாள். இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை அவிழ்த்தாள். “அழுவாத கண்ணு, இந்தா, இதையும் ஒரே நிமிசத்துல தேச்சிடறேன்...”

“தொடாதீங்கம்மா!” பாரூக் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். “அந்தப் புளியக் கீழ போடுங்க! பேஜாரு பண்ணாதீங்க! இது மொத வாரத்து அழுகை!”

*

மறுநாள் பத்து மணிக்குப் பேராசிரியர் சக்கரபாணி வந்தார். கூடக் குழுவின் மற்ற இருவர், பின்னால் மைக்ராஸ்கோப் பெட்டியோடு இனியவன். பன்னிரண்டாவது கண்ணாடியைப் பற்றி அவர் கேட்பதற்குள் ஸாலிஹா கயிற்றை அவர் முன்னால் நீட்டினாள். அவர் லென்ஸை வைத்துப் பத்து நிமிடம் அதை நுனி முதல் நுனி வரை பார்த்தார். பச்சைப் பகுதியில் ஒரு நுனியை இனியவன் வெட்டி, கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பில் வைத்தான். பக்கத்தில் ஸாலிஹாவின் முதல் கண்ணாடியை வைத்தான். மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“ரெண்டும் ஒண்ணுதான் சார். இவங்க பூசலை” என்றான். அவன் குரலில் இருந்த நிம்மதியை லூர்துமேரி கவனித்துக்கொண்டாள். அது வேறு அத்தியாயம்.

சக்கரபாணியும் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “நான் எழுதினதைத் திரும்ப வாங்கிக்கறேன்மா” என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் குழுவில் இருந்த மற்ற இருவருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

கயிறு போட்ட நாளைக் கேட்டார்கள். பாஞ்சாலி பௌர்ணமியைச் சொன்னாள். கயிற்றுத் துண்டுகளைப் பையில் போட்டு ஸாலிஹா சீட்டு ஒட்டினாள். இடம், தேதி, வெப்பம். சேகரித்தவர் என்ற இடத்தில், பாஞ்சாலி.

எல்லோரும் மேலே ஏறத் தொடங்கியபோது பாஞ்சாலி மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

“அப்ப இனிமேங்காட்டி தேக்க வாணாமா பாப்பா?”

லூர்துமேரிக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. திங்கட்கிழமை என்று ஒன்று இருந்தது இவளுக்கு. யாருக்காகவோ ஒரு வேலை இருந்தது. துப்புத் துலக்கி அதையும் பிடுங்கிக்கொண்டாயிற்று.

ஸாலிஹா கீழே இறங்கி வந்தாள். “தேய்க்க வேணாம் பாஞ்சாலிம்மா. ஆனா நான் இல்லாத நாள்ல இந்த ஊத்து எவ்வளவு சுடுதுன்னு எனக்குத் தெரியணும். சார் குவாரிக்காரருக்கு எழுதித் தர்றேன்னிருக்கார், இங்கே ஒரு ஆள் இருந்தே ஆகணும்னு. தினமும் சாயங்காலம் இந்தத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, போன்ல சொல்லுவீங்களா?”

“எனக்கு எழுதத் தெரியாதே கண்ணு.”

“நம்பரைச் சொன்னாப் போதும். நான் எழுதிக்கறேன்.” காதில் இருந்து கழற்றிய இயர்போனை ஸாலிஹா சுருட்டிப் பைக்குள் போட்டாள். “தினமும் சொல்லணும். மறக்கக் கூடாது.”

பாரூக் பாஞ்சாலியின் பட்டன் போனை வாங்கி ஸாலிஹாவின் எண்ணைப் பதிந்துகொடுத்தான். கூடவே இன்னொன்றையும் பதிந்தான். “இது எங்கக்கா நம்பர். அவசரத்துக்கு.”

*

அன்று சாயங்காலம் லூர்துமேரி வீட்டுக்குப் போய் அரை டம்ளர் அரிசியைப் பெரிய பாத்திரத்தில் வைத்தாள். டி.வி.யைப் போடப் போனபோது போன் அடித்தது.

“நாந்தாம்மா பாஞ்சாலி. பாப்பா போனு யாரோடவோ பேசிகினே இருக்குது, கெடைக்கல. அதான் ஒங்களாண்ட சொல்லிடலாம்னு. எம்பத்தியாறு.”

“எண்பத்தாறா?” லூர்துமேரி காலண்டர் தாளைக் கிழித்து, பேனாவைத் தேடி எழுதினாள். “இருங்க, எழுதிக்கிட்டேன்.”

“அவ்ளோதாம்மா சேதி.”

போன் வைக்கப்படவில்லை. அந்த முனையில் ஆவி சீறுவது கேட்டது. இந்த முனையில் சோறு அடி பிடிக்கும் வாசனை வந்தது.

லூர்துமேரி எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“சொல்லுங்கக்கா. அங்கே மழை பெய்யுதா?”